செபமாலையும் லைஃப் ஜாக்கெட்டும்

கேள்வி

நான் தூத்தூர்ப் பக்கம் பிறந்து பொழியூருக்கு வாழ்க்கைப்பட்டவள். பதினோரு வருசம் ஆகிறது. இரண்டு பிள்ளைகள். வீட்டுக்காரர் ஃபைபர் வள்ளத்தில் தொழிலுக்குப் போகிறார். ஆனி, ஆடியில் எங்கள் கரையில் வள்ளம் தள்ள முடியாது. விழிஞ்ஞத்தில் கொண்டுபோய்ப் போட்டு அங்கிருந்துதான் கடலுக்குப் போவார்கள்.

எங்கள் வீட்டில் பக்திக்குக் குறைவில்லை. குருசடியில் மெழுகுதிரி கொளுத்தாமல் அவர் கடலில் இறங்கியதே இல்லை. கழுத்தில் செபமாலை எப்போதும் கிடக்கும். ஆனால் லைஃப் ஜாக்கெட் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. வாங்கி வந்த பிளாஸ்டிக் கவரைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. கடலுக்குப் போகவேண்டாம் என்று போனில் செய்தி வந்தாலும், கோயில் மைக்கில் விளித்துச் சொன்னாலும் போகிறார். கேட்டால், “விதிச்ச நாளைக்குத்தான் போவும். மாதா பாத்துக்கிடுவா. நீ நம்பிக்கை இல்லாதவ” என்கிறார். மாமியாரும் அவர் பக்கம்தான். “கடலுக்குப் போறவனை வாசல்ல நின்னு அழுது அனுப்பாத. மாதாவுக்கு மேல உனக்கு என்ன தெரியும்?” என்று கேட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு நான் வாயைத் திறப்பதில்லை. உள்ளே போய் நின்று செபம் சொல்கிறேன்.

போகாதீர்கள் என்று நான் சொல்வது அவிசுவாசமா, சாமி? ஆண்டவரை நம்புகிறவன் ஜாக்கெட் போட்டால் அது அவரைச் சந்தேகப்படுவதாகுமா? செய்தி வருகிற நாளெல்லாம் அவர் வீட்டில் இருந்தால் அடுப்பு எரியாது என்பதும் எனக்குத் தெரியும். அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

இன்னொன்று. என் தம்பி ஒக்கிப் புயலில் போனவன். உடல்கூடக் கிடைக்கவில்லை. அவன் கழுத்திலும் செபமாலை கிடந்தது. அவனுடைய விசுவாசம் பத்தாமல் போயிற்றா, எங்கள் செபம் பத்தாமல் போயிற்றா என்று சில ராத்திரிகளில் நினைப்பு வருகிறது. இதை நான் யாரிடமும் கேட்டதில்லை.

ஒரு வாசகி, பொழியூர், திருவனந்தபுரம் மாவட்டம்

பதில்

மகளே, நீ கடைசியில் எழுதியதை நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். உன் தம்பியைப் பற்றிப் பேசாமல் உன் வீட்டுக்காரரைப் பற்றிப் பேசினால் நீ கேட்கமாட்டாய். அவரும் கேட்கமாட்டார்.

2017 நவம்பர் கடைசியில் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, பூந்துறை, விழிஞ்ஞம் கரைகளிலிருந்து போனவர்கள், புயல் வருகிறது என்று தெரிந்தும் துணிந்து போனவர்கள் அல்லர். ஆழ்கடல் தொழிலுக்குப் போன விசைப்படகுகள் பல நாட்களுக்கு முன்பே கரையை விட்டிருந்தன. வள்ளக்காரர்கள் வழக்கம்போல இறங்கினார்கள். இலங்கைப் பக்கம் இருந்த காற்றழுத்தத் தாழ்வு மிகக் குறைந்த நேரத்தில் வலுத்து, 30ஆம் தேதி புயலாயிற்று. ஒக்கி என்று பெயர் சொல்லி அறிவிப்பு வந்தபோது அவர்கள் கடலில் இருந்தார்கள். அவ்வளவு தூரத்துக்கு அந்தச் செய்தியைக் கொண்டுபோகிற கருவி அவர்களிடம் இல்லை. கேரளத்திலும் குமரி மாவட்டத்திலுமாக நூற்றுக்கணக்கான வீடுகள் ஆளை இழந்தன.

உன் தம்பி யார் பேச்சையும் மீறிப் போனவன் இல்லை. அவன் கீழ்ப்படிவதற்கு ஒரு சொல் அவன் காதுக்கு வந்து சேரவேயில்லை. அந்தக் குறை கரையில் இருந்த எங்கள் எல்லோருடையதும். அவனுடைய விசுவாசத்தின்மேல் அதை ஏற்றாதே.

சிலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று இயேசுவே கேட்டார். இல்லை என்று அவரே பதிலும் சொன்னார். லூக்கா நற்செய்தி 13ஆம் அதிகாரத்தில் இருக்கிறது, எடுத்து வாசி. ஒக்கிக்குப் பிறகு எத்தனையோ வீட்டு வாசல்களில் “கடவுள் சித்தம்” என்று சொல்லி ஆறுதல் தரப் பார்த்தவன் நான். ஒரு தாய் என் முகத்தைப் பார்த்து, “அப்போ என் பிள்ளையைக் கொன்னது கடவுளா சாமி?” என்றாள். அன்றோடு அந்தச் சொல்லை விட்டுவிட்டேன். நீயும் விடு. நீங்கள் சொன்ன செபம் எதுவும் பத்தாமல் போகவில்லை.

இனி உன் வீட்டுக்காரர்.

அவர் “விதிச்ச நாள்” என்கிறாரே, அது நம் கோயிலில் கற்பித்த பாடம் இல்லை. நாம் இறைப் பராமரிப்பு என்கிறோம். விதி என்றால் எழுதி முடித்தாயிற்று, மனிதன் செய்ய ஒன்றும் மிச்சமில்லை. பராமரிப்பில் ஒருவர் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், நம்மோடு பேசுகிறார், நாம் என்ன செய்யப்போகிறோம் என்று காத்திருக்கிறார். பேசுகிற ஒருவருக்குத்தான் கீழ்ப்படிய முடியும். விதிக்கு யாரும் கீழ்ப்படிவதில்லை, தலையைக் கொடுக்கிறார்கள், அவ்வளவுதான். நம் தமிழில் ‘கேள்’ என்கிற ஒரே சொல் காதால் கேட்பதற்கும் சொன்னபடி நடப்பதற்கும் இருக்கிறது. “பிள்ளை சொன்ன பேச்சு கேட்கிறானா?” என்று கேட்டால் அவனுக்குக் காது நன்றாக இருக்கிறதா என்றா அர்த்தம்? ஆண்டவரைக் கேட்கிறேன் என்கிறவன் ஆண்டவர் பேச்சைக் கேட்கவும் வேண்டும்.

திருத்தூதர் பணிகள் 27ஆம் அதிகாரத்தைக் கடற்கரையில் யாரும் போதுமான அளவு வாசிப்பதில்லை என்பது என் வருத்தம். பவுலின் கப்பல் உடைந்த கதை. கடல் தெரிந்தவன் வாசித்தால் ஒவ்வொரு வரியும் புரியும். கப்பலில் 276 பேர். பயணம் போகிற காலம் தாண்டிவிட்டது, இனிப் போனால் சேதம் வரும் என்று பவுல் முதலிலேயே சொல்கிறார். அப்போது வானதூதர் யாரும் வந்து அவரிடம் சொல்லவில்லை. நோன்பு நாள் கழிந்துவிட்டது, அதற்கு மேல் அந்தக் கடல் பொல்லாதது என்பது அந்தக் காலத்து மனிதர்களுக்குத் தெரிந்த விஷயம். நம் ஆட்கள் மாசத்தையும் காற்றையும் வைத்துச் சொல்வதுபோலத்தான். ஆனால் நூற்றுவர் தலைவன் பவுலைக் கேட்கவில்லை. மாலுமியையும் கப்பல் முதலாளியையும் கேட்டான். இருந்த துறை குளிர்காலம் தங்குவதற்கு வசதியில்லை. மெல்லிய தென்றல் வேறு வீசிற்று. போகலாம் என்று கிளம்பிவிட்டார்கள்.

அப்புறம் புயல். சூரியனும் நட்சத்திரமும் பல நாள் தெரியவில்லை. எல்லோரும் நம்பிக்கை விட்ட பிறகுதான் பவுலுக்கு வாக்கு வருகிறது: கப்பல் போகும், ஆள் ஒருவரும் போகமாட்டார். இந்த வாக்கு வந்த பிறகு என்ன நடந்தது என்பதை உன் வீட்டுக்காரர் பார்க்கவேண்டும். கடவுளே சொல்லிவிட்டார் என்று யாரும் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. பதினாலாம் நாள் ராத்திரி கரை கிட்ட வருவதுபோலத் தோன்றியதும் கயிற்றில் ஈயக்குண்டு கட்டி ஆழம் பார்த்தார்கள். 20 பாகம். கொஞ்சம் தள்ளிப் பார்த்தார்கள். 15 பாகம். பாறையில் மோதிவிடுவோம் என்று பின்பக்கத்திலிருந்து நான்கு நங்கூரம் இறக்கிவிட்டு, எப்போது விடியும் என்று வேண்டிக்கொண்டிருந்தார்கள். நங்கூரத்தையும் இறக்கினார்கள், வேண்டவும் செய்தார்கள். ஒன்றைச் செய்ததால் மற்றதை விடவில்லை.

கப்பலாட்கள் சிலர் சிறு படகை இறக்கித் தப்பப் பார்க்கிறார்கள். இவர்கள் கப்பலில் இல்லாவிட்டால் நீங்கள் பிழைக்கமாட்டீர்கள் என்று பவுல் படைவீரர்களிடம் சொல்கிறார். யோசித்துப் பார், மகளே. ஒருவரும் சாகமாட்டார் என்ற வாக்கைக் கையில் வைத்திருக்கிற மனிதர், மாலுமி இல்லாமல் பிழைக்க முடியாது என்கிறார். வாக்கு நிறைவேறுவதற்கே தொழில் தெரிந்த கை வேண்டியிருந்தது. இந்தமுறை படைவீரர்கள் கேட்டார்கள். படகின் கயிற்றை அறுத்துவிட்டார்கள். கடைசியில் நீந்தத் தெரிந்தவன் நீந்தி, தெரியாதவன் பலகையைப் பிடித்து, 276 பேரும் மால்டா கரையில் ஏறினார்கள். அந்தப் பலகைக்கு இன்று என்ன பெயர் என்று அவரிடம் கேட்டுப் பார். கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது.

இதற்கு நேர் எதிரான கதையும் விவிலியத்தில் உண்டு. கோயில் உச்சியில் நிறுத்தி, குதி, தூதர்கள் தாங்கிக்கொள்வார்கள் என்று ஒருவன் இயேசுவிடம் சொன்னான். வேத வசனம் காட்டித்தான் சொன்னான். இயேசு குதிக்கவில்லை. தந்தையின்மேல் நம்பிக்கை இல்லாததால் குதிக்காமல் இருந்தார் என்று உன் மாமியார்கூடச் சொல்லமாட்டார்கள். தெரிந்தே ஆபத்தில் இறங்கி, காப்பாற்று என்று மாதாவைக் கூப்பிடுவது அந்த உச்சியிலிருந்து குதிப்பதுதான். நீ வாசலில் நின்று போகாதீர்கள் என்றது சரியான பேச்சு. இனியும் சொல்.

நான் கடற்கரைப் பங்குக்கு முதன்முதலில் போன காலத்தில் ஒரு பெரியவர் இருந்தார். கட்டுமரத்தில் போன தலைமுறை. கரையில் இரண்டு அடையாளத்தைச் சேர்த்து வைத்துப் பார்த்தே கடலுக்குள் எந்தப் பாரின்மேல், எந்தப் பாறைத்திட்டின்மேல் நிற்கிறோம் என்று சொல்லிவிடுவார். கணிச்சம் என்பார்கள். தினமும் விடியலில் கடல் தண்ணீரை எடுத்து நெற்றியில் வைத்துக் குருசு வரைவார். அதற்கு முன்னால் மரத்தைக் கட்டின கயிற்றில் ஒவ்வொரு முடிச்சையும் இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பார். எனக்கு அது வினோதமாக இருந்தது. முதலில் செபம்தானே என்று கேட்டேன். முடிச்சைப் பார்க்காமல் குருசு வரைந்தால் நாம் செய்யவேண்டிய கூலி வேலையை மாதா தலையில் வைக்கிறோம் என்றார். இறையியல் கல்லூரியில் எனக்குக் கிடைக்காத விளக்கம் அது. உன் வீட்டுக்காரரின் தாத்தாவும் அப்படி ஒருவராகத்தான் இருந்திருப்பார்.

அந்தப் பெரியவரைப் போன்றவர்களின் அறிவை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். நீவாடு என்கிற நீரோட்டத்தையும் கச்சான் காற்றையும் மேகத்தையும் பார்த்து அவர்கள் சொன்னது பெரும்பாலும் நடந்தது. “எங்களுக்குக் கடல் தெரியும், ஆபீசில் இருக்கிறவனுக்கு என்ன தெரியும்” என்று உன் வீட்டுக்காரர் நினைத்தால் அதில் நியாயம் உண்டு. ஆனால் கண்ணால் பார்க்க முடியாத கடலும் ஒன்று இருக்கிறது. அதற்குப் பெயர் வைத்தவர்கள் விஞ்ஞானிகள் அல்லர், உங்கள் ஆட்கள்தான். கள்ளக்கடல். காற்று இருக்காது, மேகம் இருக்காது, வானம் துடைத்து வைத்தது போலிருக்கும். திருடன் மாதிரி கடல் எழுந்து வரும். இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி அடித்த புயலில் பிறந்த அலை, சில நாள் ஓடிவந்து நம் கரையில் ஏறும். அந்தப் புயலின் ஒரு துளி மேகம்கூடப் பொழியூரில் நின்று பார்க்கிறவனுக்குத் தெரியாது. 2012இல் யுனெஸ்கோ இந்தச் சொல்லையே அறிவியல் பெயராக ஏற்றுக்கொண்டது. 2024 மார்ச் 31 உனக்கு நினைவிருக்கும். உயிர்ப்பு ஞாயிறு. உங்கள் கரை உட்படத் தென்கேரளக் கரைகளில் கடல் வீட்டுக்குள் வந்தது. அன்று வானத்தில் என்ன அடையாளம் இருந்தது என்று அவரிடம் கேள்.

இந்த அலையை முன்கூட்டிப் பார்த்துச் சொல்கிறவர்கள் ஹைதராபாத்தில் இருக்கிற இன்காய்ஸ் என்கிற கடல்தகவல் மையத்தார். புயலையும் காற்றையும் பார்க்கிறவர்கள் வானிலைத் துறையினர். திருவனந்தபுரத்துக்கு இது புதிதும் இல்லை. சுவாதித் திருநாள் மகாராஜா 1837இல் வானாய்வுக்கூடம் அமைத்த ஊர் இது. இவர்கள் சொல்வது நூற்றுக்கு நூறு சரியாக வருவதில்லை. வேண்டாம் என்று சொன்ன நாளில் கடல் குளம் மாதிரி கிடந்ததும் உண்டு. அதற்காக நாம் கோபப்படலாம், இன்னும் துல்லியமாகச் சொல்லுங்கள் என்று கேட்கலாம். சாகப் போகலாமா?

அந்தச் செய்தி எங்கிருந்து வருகிறது என்பதை இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும். உன் வீட்டுக்காரர் மனசு மாறுவதற்கு இது உதவும் என்று நம்புகிறேன்.

திருவனந்தபுரத்துக் கடற்கரையில் இருக்கிற தும்பாவை அவருக்குத் தெரியும். அங்கே மகதலா மரியாள் கோயில் இருந்தது. அதைச் சுற்றி உங்களைப் போன்ற கடல்தொழிலாளிகளின் வீடுகள். பூமியின் காந்த நடுக்கோடு அந்த இடத்தின் அருகே போவதால், மேல்வானத்தை ஆராய அதைவிட நல்ல இடம் இல்லை என்று 1962இல் விண்வெளி விஞ்ஞானி விக்ரம் சாராபாயும் அவருடைய ஆட்களும் கண்டுபிடித்தார்கள். கோயிலும் வீடுகளும் இருக்கிற மண்ணை எப்படிக் கேட்பது? அன்றைய ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரேராவிடம் போனார்கள். அவர் தானாக முடிவு சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசையில் சனங்களிடமே கேட்டார், கோயிலையும் தம் வீட்டையும் அவர்கள் இருப்பிடங்களையும் தரலாமா என்று. சனங்கள் ஆமென் சொன்னார்கள். இதை அப்துல் கலாம் தம் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தக் கோயிலின் செபக்கூடம்தான் அவருக்கு முதல் ஆய்வுக்கூடம். ஆயர் வீட்டு அறை வரைபட அலுவலகம்.

ஒரு ஊர் முழுவதும் ஞானஸ்நானமும் கல்யாணமும் அடக்கப் பூசையும் நடந்த கோயிலை விட்டுக்கொடுப்பது லேசான காரியம் இல்லை. பேருக்கு விசுவாசம் வைத்திருந்தவர்கள் என்றால், கோயில் இருக்கிற இடத்தைக் கேட்கிறானே என்று சண்டைக்கு நின்றிருப்பார்கள். அவர்கள் கேட்டார்கள், கீழ்ப்படிந்தார்கள், மூட்டைமுடிச்சைக் கட்டிக்கொண்டு நகர்ந்தார்கள். அவர்களுக்கு வேறிடத்தில் கோயில் கட்டப்பட்டது. அந்தப் பக்கத்தில் வேலைக்கு வந்த இளைஞர்களும் சும்மா இருக்கவில்லை. ராக்கெட்டின் பாகத்தைச் சைக்கிளில் தள்ளிக்கொண்டு போகிற படத்தை நீ பார்த்திருப்பாய். 1963 நவம்பர் 21 மாலையில் முதல் ராக்கெட் போனது. நைக்கி-அபாச்சி என்று பெயர், அமெரிக்காவிலிருந்து வந்தது. அது மேலே விட்ட சோடியம் ஆவி அந்தியில் ஆரஞ்சு நிறமாக நின்றதைக் கரையில் நின்றவர்கள் பார்த்தார்கள்.

அந்தக் கோயில் இப்போது விண்வெளி அருங்காட்சியகம். அதைச் சுற்றி வளர்ந்ததுதான் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம். அங்கே வடிவமைத்த ஜிஎஸ்எல்வி ராக்கெட்தான் 2016 செப்டம்பர் 8ஆம் தேதி இன்சாட்-3டிஆர் செயற்கைக்கோளைக் கொண்டுபோய் நிறுத்தியது. நம் கடலின்மேல் கிடக்கிற மேகத்தை இரவும் பகலும் பார்க்கிற கண் அது. ஒக்கிக்குப் பிறகு, கரையிலிருந்து வெகுதூரம் போன படகுக்கும் செய்தி அனுப்ப நாவிக் கருவியை இஸ்ரோ கொண்டுவந்தது. உன் தம்பியிடம் இல்லாமல் போனது அதுதான்.

ஆகவே மகளே, உன் வீட்டுக்காரர் போனில் வருகிற செய்தியை ஏதோ ஒரு அதிகாரியின் தொல்லை என்று நினைக்கவேண்டாம். கடற்கரைச் சனங்கள் ஆமென் சொல்லிக் கொடுத்த கோயிலிலிருந்து தொடங்கிய வேலை அது. அறுபது வருசம் கழித்து அவருடைய சட்டைப்பைக்கே திரும்பி வந்திருக்கிறது. மாதா பார்த்துக்கொள்வாள் என்கிறாரே, மாதா எப்படிப் பார்ப்பாள் என்று அவர் நினைக்கிறார்? கையைப் பிடித்து இழுத்தா நிறுத்துவாள்? இப்படித்தான் சொல்லி அனுப்புவாள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

2018 ஆகஸ்டு வெள்ளத்தில் உங்கள் கரை வள்ளங்கள் லாரியில் ஏறிச் செங்கன்னூருக்கும் பத்தனம்திட்டைக்கும் போயின. கேரளம் முழுக்க 600க்கும் மேற்பட்ட படகுகள். அங்கே மாடியில் நின்றுகொண்டு, எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் ஏறாது, சாமி பார்த்துக்கொள்ளும், வரமாட்டோம் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். அவர்களைக் கெஞ்சி, திட்டி, தோளில் தூக்கி ஏற்றி வந்தவர்கள் கடல்தொழிலாளிகள். உன் வீட்டுக்காரர் போயிருந்தால் அந்த வீட்டுக்காரர்களிடம் அவர் என்ன சொன்னார் என்று ஒருநாள் மெதுவாகக் கேட்டுப் பார்.

இனி நீ மறைக்காமல் எழுதினாயே அடுப்பைப் பற்றி, அதற்கு வருகிறேன். இங்கேதான் என் மனசு அதிகம் நிற்கிறது.

அவர் வாயில் வருவது “மாதா பாத்துக்கிடுவா.” ஆனால் அவரைக் கடலுக்குத் தள்ளுவது விசுவாசம்தானா என்று எனக்குச் சந்தேகம். வள்ளத்துக்கும் எஞ்சினுக்கும் வாங்கின கடன், ஏலக்காரருக்குக் கொடுக்கவேண்டியது, ஏறிக்கொண்டே போகிற மண்ணெண்ணெய் விலை, கூட வருகிறவர்களின் வீட்டு வயிறு, இத்தனையும் சேர்ந்து தள்ளுகின்றன. பயமாக இருக்கிறது, ஆனாலும் போயாகவேண்டும் என்று மனைவியிடம் சொல்ல எந்த ஆம்பிளைக்கும் கூச்சம். மாதா பெயரைச் சொல்வது சுலபம். பவுலின் கப்பலும் அப்படித்தானே கிளம்பிற்று. கோதுமை ஏற்றின கப்பல், முதலாளிக்குச் சரக்கு போய்ச்சேரவேண்டும். அதனால் அவரிடம் விசுவாசத்தைப் பற்றித் தர்க்கம் பண்ணாதே. கடனைப் பற்றிக் கேள். எவ்வளவு, யாரிடம், எத்தனை வட்டி என்று இரண்டுபேரும் உட்கார்ந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். பயத்தைப் பேசவிட்டால் பாதி வழி வந்தாயிற்று.

நல்ல பாடு கிடைத்த நாளில் கொஞ்சம் ஒதுக்கி வைப்பதும் உழைப்புதான். கேரள அரசின் சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் தொழிலாளி 1,500 ரூபாய் கட்டினால் மாநிலமும் மத்திய அரசும் ஆளுக்கு 1,500 சேர்த்து 4,500 ரூபாயாகத் தொழில் இல்லாத மாதங்களில் தருகின்றன. பெரிய தொகை இல்லை என்று தெரியும். ஆனால் அதைக்கூடக் கட்டாமல் விட்டவர்கள் நம் கரையில் நிறைய. சேமநிதி வாரியத்தில் அவருடைய பெயர் நடப்பில் இருக்கிறதா, விபத்துக் காப்பீடு இருக்கிறதா என்று பார்த்துவிடு. போகமுடியாத நாளில் வலையைச் சரிபண்ணுவது, எஞ்சினைக் கழற்றிச் சுத்தம் பண்ணுவது எல்லாம் நீ சொல்லி அவருக்குத் தெரியவேண்டியதில்லை. ஜாக்கெட்டைப் பற்றியும் ஒன்று. முதலப்பொழியில் துறைமுக வாயில் மணல் சேர்ந்து, அலையில் வள்ளம் கவிழ்ந்து எத்தனைபேர் போயிருக்கிறார்கள். கரைக்குக் கூப்பிடு தூரத்தில், வீட்டு விளக்கு தெரிகிற இடத்தில் போனவர்கள் அவர்கள். ஜாக்கெட் ஆழ்கடலுக்கு மட்டும் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

கெனசரேத்து ஏரியில் பேதுரு ராத்திரி முழுக்க வலைபோட்டு ஒன்றும் கிடைக்காமல் விடியலில் வலையை அலசிக்கொண்டிருந்தார். சலித்துப்போய் வீசியெறிந்துவிட்டு வீட்டுக்குப் போகவில்லை. அலசின வலை கையில் இருந்ததால்தான் ஆண்டவர் சொன்னதும் இறக்க முடிந்தது. அவருக்கும் தொழில் தெரியும், பகலில் மீன் படாது என்றும் தெரியும். ஆனாலும் சொல்லுக்காக இறக்கினார். போ என்று சொன்னபோது போன அதே மனசு, போகாதே என்று சொல்லும்போது நிற்கவும் வேண்டும். வலை கிழிகிற அளவுக்கு மீன் பட்டபோது பேதுரு என்ன செய்தார்? மற்ற வள்ளத்தில் இருந்த கூட்டாளிகளைச் சைகை காட்டிக் கூப்பிட்டார். இரண்டு வள்ளமும் நிறைந்தது.

அந்தச் சைகை நம் பங்குகளில் குறைந்துபோயிற்று. ஒருவனிடம் போகாதே என்று மைக்கில் சொல்லிவிட்டு, அவன் பிள்ளைகள் என்ன சாப்பிடும் என்று கேட்காமல் இருந்தால், நாம் அவனிடம் கேட்பது கீழ்ப்படிதல் இல்லை, பட்டினி. எச்சரிக்கை நாட்களுக்கு அரசு கூலி ஈடு தரவேண்டும் என்று கடல்தொழிலாளிகள் கேட்பது முழுக்க நியாயம். அது ஒழுங்காக வருகிற வரைக்கும் நாம் காத்திருக்கவும் கூடாது. இதை வாசிக்கிற பங்குத்தந்தையரையும் பங்குப்பேரவையினரையும் அன்பியப் பொறுப்பாளர்களையும் கையெடுத்துக் கேட்கிறேன். திருவிழாவுக்கு வாணவேடிக்கைக்கு ஒதுக்குகிற பணத்தில் ஒரு பங்கை எச்சரிக்கை நாள் நிதியாக மாற்றுங்கள். சிவப்பு எச்சரிக்கை வருகிற நாளில் கோயில் வளாகத்தில் ஒரு அடுப்பு எரியட்டும். அன்று கரையில் நின்ற ஒவ்வொரு வீட்டுக்கும் அரிசி போகட்டும். பூசைக்கு முன் வள்ளங்களை மந்திரிக்கிற நாளில் ஜாக்கெட்டுகளையும் கொண்டுவரச் சொல்லி மந்திரித்துக் கொடுங்கள். பயந்தாங்கொள்ளி என்று மற்றவர்கள் கேலி பண்ணுவார்கள் என்கிற கூச்சம் அதோடு போகும்.

உனக்கு, மகளே. இன்று ராத்திரி அந்தப் பிளாஸ்டிக் கவரைப் பிரித்துவிடு. வார், பக்கிள் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார். அவருடைய செபமாலை மாட்டுகிற ஆணியிலேயே ஜாக்கெட்டையும் மாட்டு. காலையில் செபமாலையை எடுக்கும்போது கை அதில் தட்டும். மாமியாரிடம், விழிஞ்ஞத்துச் சிந்து யாத்திரை மாதாவிடம் நான் கேட்டுக்கொண்டதாகச் சொல். போனில் இந்த எண்களையும் போட்டு வை: கடலில் ஆபத்து என்றால் இந்தியக் கடலோரக் காவல்படையின் இலவச எண் 1554, கடலோரப் போலீசின் எண் 1093.